கவரில் போட்ட பழைய சாமான்

முன் பேனலின் முதல் ஸ்க்ரூவைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது, இந்த வண்டிக்குள் எனக்குப் பிறகு எவனும் கை வைக்கவில்லை. இடது பக்க ஸ்க்ரூவுக்கு அன்றைக்கு வாஷர் கிடைக்காமல் சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி வைத்திருந்தேன், அது அங்கேயே இருக்கிறது, பதினாலு மாதமாக. சாந்தாமணியின் வண்டி. என் பெண்டாட்டியின் வண்டி. பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று யாரைப் போய்க் கேட்பது. காலையில் அவளுடைய தம்பி பூபதி கொண்டுவந்து நிறுத்தினான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, அக்கா வண்டிங்க. ஹேண்டில் ரொம்ப இறுக்கமா இருக்குது, முன்னாடி ஃபோர்க்குல ஆயிலும் ஒழுகுது. பாத்து வைங்க, நாலு மணிக்கு வேணும்." அவ்வளவுதான். பின்னாலேயே வந்த சிநேகிதன் பைக்கில் தொற்றிக்கொண்டு போய்விட்டான். அக்கா சொல்லி அனுப்பினாளா, நீயாகக் கொண்டுவந்தாயா என்று கேட்க நினைத்தேன், ஆனால் உதட்டில் வேறு ஒரு வண்டியின் நான்கு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டிருந்தேன். துப்பிவிட்டுக் கேட்பதற்குள் ரோடு காலியாக இருந்தது. திறக்க வேண்டிய நேரத்தில் என் வாய் இப்படித்தான் அடைத்துக்கொள்ளும், திறக்கக் கூடாத நேரத்தில் தாராளமாகத் திறந்துகொள்ளும், எனக்கு இது புதிது இல்லை. ஒண்டிப்புதூரில் அவள் அம்மா வீட்டிலிருந்து ராமநாதபுரத்தில் என் கடை வரைக்கும் ரோட்டோரமாகப் பதினேழு மெக்கானிக் கடை. நானே எண்ணியிருக்கிறேன். முதல் கடை அவர்கள் வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும். பதினேழையும் தாண்டி வண்டி இங்கே வந்திருக்கிறது என்றால் அவள்தான் அனுப்பியிருக்கிறாள். இல்லை, பூபதிதான். சோம்பேறிப் பயல், அவன் பைக்கை என்னிடம் விட்டுப் பழகியவன், பழகின தடத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்திருப்பான். அவள்தான். இல்லை. ஸ்க்ரூ ஏழு, கிளிப் நான்கு. கிளிப்பில் எப்போதும் ஒன்று உடையும் என்று நினைத்துக்கொண்டே இழுத்தேன், உடைந்தது.

ஹேண்டில் வேலைக்கு சீட்டைத் திறக்க ஓர் அவசியமும் கிடையாது. திறந்தேன். மடித்து வைத்த மழைக்கோட்டு, கம்பெனியில் போட்டுக்கொள்ளும் பாதுகாப்புக் கண்ணாடி, பச்சை மார்க்கர் ஒன்று, ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. பாட்டில் மூடியில் ஆணியைக் காய்ச்சிக் குத்தினது மாதிரி ஐந்தாறு ஓட்டை. குடிக்கிற தண்ணீர் பாட்டிலுக்கு யாராவது மூடியில் ஓட்டை போடுவார்களா. யாருடைய காரையாவது கழுவுகிறாளா என்று ஒரு நினைப்பு ஓடியது, காரை ஏன் இவள் கழுவப் போகிறாள், மனசு அப்படித்தான், கெட்டதற்கு முதலில் ஓடும். சீட்டின் அடியில் நான் ஒட்டிய ஆயில் ஸ்டிக்கர். என் கையெழுத்து. ஆயில் மாற்றியது 21,940. மீட்டரைப் பார்த்தேன், 28,540. கழித்தால் ஆறாயிரத்து அறுநூறு. கீழே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டிக்கர் ஒட்டி இரண்டாம் நாள் ஒரு வளைவில் அவள் வண்டியோடு விழுந்தாள். மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு, அப்புறம் கைக்குப் பயிற்சி என்று மூன்று மாதம் வண்டியைத் தொடவில்லை, பூபதி சொல்லித் தெரியும். மீதி பதினோரு மாதம். மாதத்துக்கு இருபத்தைந்து நாள் வேலை. நீலம்பூர் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறாள், அம்மா வீட்டிலிருந்து போக ஒன்பது, வர ஒன்பது. பதினெட்டு. இருநூற்று எழுபத்தைந்து நாளைப் பதினெட்டால் பெருக்கினால் ஐயாயிரம்கூட வரவில்லை. ஸ்பேனரால் தரையில் கீறிப் பெருக்கினேன், மறுபடி பெருக்கினேன். ஒரு நாளைக்கு இருபத்தி நாலு ஓடியிருக்கிறது. ஆறு கிலோமீட்டர் அதிகம். தினமும் ஆறு. எங்கே போகிறாள். கடைக்கு, கோயிலுக்கு என்றால் ஒரு நாள் போவாள், ஒரு நாள் போக மாட்டாள். தினமும் ஆறு என்றால் அது பழக்கம். அது ஒரு இடம். ஒரு ஆள். நாற்பத்தொரு வயதில் ஒரு மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகட்டும், போனால் என்ன தப்பு, பதினாலு மாதம் ஒரு பெண் எதற்குக் காத்திருக்க வேண்டும், எதற்காக, யாருக்காக, நான் என்ன அவளுக்குச் சீர் வைத்தா அனுப்பினேன். போகக் கூடாது. போயிருக்கக் கூடாது. எழுந்து முன் சக்கரத்தின் ஆக்ஸில் நட்டில் ஸ்பேனரைப் போட்டேன்.

சக்கரம் வந்தது. பிரேக் கேபிளையும் மீட்டர் கேபிளையும் கழற்றி ஓரமாகக் கட்டினேன். ஹேண்டிலைத் தூக்கி, ஒயரோடு பின்னால் சாய்த்து வைத்தேன். இப்போது மேல் லாக் நட் தெரிந்தது. அதில் உளித் தழும்பு மூன்று. அதற்கென்று வளைந்த ஸ்பேனர் ஒன்று இருக்கிறது, ஆணியில் தொங்குகிறது, அதை எடுக்க நாலடி நடக்க வேண்டும். அன்றைக்கு நான் நடக்கவில்லை. உளியை வைத்து மூன்று அடி. இடக்கைக்காரன் அடித்த தழும்பு எதிர்ப்பக்கமாகச் சாயும், தொழில் தெரிந்தவன் யார் பார்த்தாலும் மருதாசலம் அடித்தது என்று சொல்லிவிடுவான். அன்றைக்கு என்று சொல்கிறேன், அதற்கு முன் நாலு மாதம் இருக்கிறது. நாலு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, ஹேண்டில் நடுவுல போய் உக்காந்துக்குது. திருப்பினா வர மாட்டேங்குது." நாளைக்குப் பார்க்கலாம் என்பேன். "பள்ளத்துல விட்டா டொக்குங்குது." நாளைக்கு. கடைக்கு வந்து நின்ற எவனிடமும் இதுவரைக்கும் நான் நாளைக்கு வா என்று சொன்னதில்லை, அது என் கடைக்கு ஒரு பேர். பஞ்சரோடு தள்ளிக்கொண்டு வந்தவனையும் உட்கார வைத்துப் பார்த்து அனுப்புவேன். நாளைக்கு என்கிற சொல்லை மொத்தமும் வீட்டுக்கு என்று எடுத்து வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அவளே இந்தப் பழமொழியைச் சொல்லிச் சிரிப்பாள், முதல் மூன்று மாதம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நாலாவது மாதம் சிரிக்கவில்லை, வண்டியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடையில் ஐந்து வண்டி. ஹேண்டில் தண்டு சுழல்கிற கோன் செட்டை மாற்றுவது அரை நாள் வேலை, மேலே ரெண்டு கீழே ரெண்டு கிண்ணம், அதற்குள் பால்ரஸ் குண்டு, எல்லாம் பிரித்து மாற்ற வேண்டும். நான் ஆயிலை மாற்றினேன், ஸ்டிக்கர் ஒட்டினேன், நட்டை மட்டும் உளி வைத்து இறுக்கினேன். இறுக்கினால் டொக்குச் சத்தம் போய்விடும். போனது சத்தம்தான். குண்டு பதிந்து பள்ளமான கிண்ணத்தில் ஹேண்டில் இன்னும் கெட்டியாகப் போய் உட்காரும், லேசாகத் திருப்ப நினைத்தால் திரும்பாது, பலமாகத் திருப்பினால் வெடுக்கென்று தேவைக்கு மேல் திரும்பிவிடும். இது எனக்குத் தெரியும். இதைச் செய்கிற மெக்கானிக்குகளை நான் திட்டியிருக்கிறேன், உயிரோடு விளையாடுகிறான் பார் என்று வாடிக்கையாளர் முன்னாலேயே திட்டியிருக்கிறேன். "ஆச்சா?" என்றாள். "ஆச்சு, போ" என்றேன். போனாள்.

இப்போது வளைந்த ஸ்பேனரை எடுத்துவந்து நட்டைத் திறந்தேன். தண்டைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்லக் கீழே இறக்கினேன், தாங்காவிட்டால் குண்டெல்லாம் சிதறும். தாங்கியும் நாலு குண்டு விழுந்து ஓடியது, ஒன்று சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. துரு. கிரீஸ் காய்ந்து கறுத்த மண்ணாக இருந்தது. கிண்ணத்தைக் கம்பி வைத்து அடித்து வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினேன். வெளிச்சத்தில் பிடித்தேன். சுற்றிலும் வரிசையாகப் பள்ளம், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பள்ளம், புள்ளி வைத்த மாதிரி. கட்டைவிரல் நகத்தை உள்ளே விட்டு ஓட்டினேன், டிக் டிக் டிக் என்று நகம் இடறியது. நகத்தை விட்டு ஓட்டிப் பார்க்கிற வித்தை அவளுடையது. கம்பெனியில் கருவி வைத்து அளப்பார்கள், ஆனால் கருவிக்கு முன் அவள் நகம் சொல்லிவிடும். பாஸ் என்றால் பச்சைப் புள்ளி, ரிஜெக்ட் என்றால் சிவப்பு. வீட்டிலும் அதே கிறுக்கு. டம்ளர் விளிம்பில் நகம் ஓடும், புது இட்லித் தட்டில் ஓடும், நான் சவரம் செய்துவிட்டு வந்தால் தாடையில் ஓடும். "இங்கொரு பிசிறு இருக்குது, ரிஜெக்ட்" என்று திருப்பி அனுப்புவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கும்போது கழுத்தில் பச்சைப் புள்ளி வைத்துவிட்டாள், அது தெரியாமல் கடைக்கு வந்து நாள் பூராவும் ஊருக்கே காட்டிக்கொண்டு நின்றேன். அந்த நகம் என் தாடையில் ஓடி பதினாலு மாதம் ஆகிறது. வேண்டும். அது வேண்டும் எனக்கு. இந்த ஊரில் எத்தனை லட்சம் கட்டைவிரல் இருக்கிறது, எனக்கு அந்த ஒன்று வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்தக் கையைத்தான் மேஜை மேல் வைத்து ஈர மாவுத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தை அழுதுகொண்டிருந்தது, பூபதி நின்றிருந்தான். அத்தை என்னைப் பார்த்து, "என்னங்க மாப்ள, நீங்க இருந்தும் வண்டி இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டது. கேட்டது குற்றமாகக்கூட இல்லை, அழுகையில் கேட்டது. அப்போதுதான் என் வாய் தாராளமாகத் திறந்துகொண்டது. "வண்டியில ஒரு குறையும் இல்லீங்க அத்தை. ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் பாத்தேன். இவளுக்கு வளைவுல ஓட்டத் தெரியல." சொல்லிவிட்டேன். கட்டுப் போடுகிறவர்கூட நிமிர்ந்து பார்த்தார். சாந்தாமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள், ரிஜெக்ட் ஆகிற சாமானைத் திருப்பிப் பார்க்கிற பார்வை, அப்புறம் கையைப் பார்த்துக்கொண்டாள். "பத்து நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வர்றேன்" என்றாள். பத்து நாள்.

ஃபோர்க் இரண்டையும் உருவித் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஆயில் வர வேண்டிய இடத்தில் சாக்கடைத் தண்ணி மாதிரி ஒன்று சொட்டியது. வலது பக்கத்தில் பாதிகூட இல்லை. இதோடு ஓட்டியிருக்கிறாள், உடைந்து கூடிய கையால், இத்தனை இறுக்கமான ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேரே மணிக்கட்டில் ஏறியிருக்கும். ஏன் ஓட்டினாள். பதினேழு கடையில் ஒன்றில் கொடுத்தால் என்ன. கொடுக்கவில்லையே. எவனும் கை வைக்கவில்லையே. என் மேல் இருக்கிற கோபத்தில் வண்டியையே பார்க்கவில்லையா, இல்லை, யோசிக்கக் கூடாது, ஆயில் சீலைப் பார். உள்ளே இருக்கிற பைப்பைத் துடைத்து வெளிச்சத்தில் உருட்டினேன், வளைவு இல்லை, அதுவரை தப்பித்தது. ஆயில் ஒழுகாமல் அடைக்கிற பழைய ரப்பர் சீலை நெம்பி எடுத்தேன். நானும் இரண்டு தடவை ஒண்டிப்புதூருக்குப் போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் தடவை அத்தை காபி கொடுத்தது, இந்த வருஷம் மழை இல்லை என்று பேசினோம். இரண்டாவது தடவையும் காபி, மழை அதிகம் என்று பேசினோம். அவள் கதவுப் பக்கம் நின்றுகொண்டு நான் எதையோ கீழே வைப்பதற்காகக் காத்திருப்பவள் மாதிரி என் கையையே பார்த்தாள். நான் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சிங்காநல்லூர் லைன் வீட்டில் இப்போது நான் ஒருத்தன். வாசல்படிக்குப் பக்கத்தில் பெயிண்ட் வாளியில் அவள் வைத்த கறிவேப்பிலை மட்டும் நன்றாக இருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றியதே இல்லை, காலையில் எட்டுக்குக் கிளம்பினால் திரும்ப ராத்திரி ஒன்பதாகிவிடும், பக்கத்து வீட்டு செல்வி அக்கா புண்ணியம். ஒரு நாள் நன்றிகூடச் சொன்னேன், அந்தக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு உள்ளே போனது. செடி தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஒரு கொத்துக் கிள்ளிப் போட்டு ரசம் வைத்தேன், வாசனை வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் பரோட்டா தின்றேன். அந்த வாசனையில் அவள் சமையற்கட்டில் நிற்கிறாள், நிற்கட்டும் என்று விட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவள் வர வேண்டும். இந்த ஆறு கிலோமீட்டர் எங்கே போனாலும் சரி, அந்த ஆளையும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், வர வேண்டும். பொய். சொல்லுவேன். புது சீலை வைத்து அதன் மேல் பழைய சீலை வைத்துத் தட்டி இறக்கினேன், நேரே சுத்தியல் பட்டால் புதுசு கிழியும். இரண்டு காலுக்கும் அளவு கப்பில் அளந்து ஒரே அளவு ஆயில் ஊற்றினேன்.

புதுக் கிண்ணத்தை உள்ளே அடிக்கும்போது காது வேண்டும். சுற்றிச் சுற்றி, ஒரே பக்கமாக அடிக்காமல், அடிக்க அடிக்கச் சத்தம் மந்தமாக வந்து, உட்கார்ந்ததும் ஒரு கெட்டிச் சத்தம் கேட்கும். கேட்டது. கிரீஸை விரலால் அப்பி, ஒவ்வொரு குண்டாக ஒட்ட வைத்தேன். வாழ்க்கையில் எந்த வண்டிக்கும் இவ்வளவு பொறுமையாக ஒட்டியதில்லை. தண்டை ஏற்றினேன், புது லாக் நட்டைப் போட்டேன், இறுக்கினேன், பிறகு கால் சுற்று திருப்பி விட்டேன். சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து ஹேண்டிலை நடுவில் நிறுத்தி விட்டுப் பார்க்க வேண்டும், தன் கனத்திலேயே இடது பக்கம் விழ வேண்டும், அப்படியே வலது பக்கமும். விழுந்தது. இதற்கு அரை நாள். அன்றைக்கும் இதே அரை நாள்தான் ஆகியிருக்கும். மணி மூன்று. இனி ஒரு வேலைதான் பாக்கி. என் கடையில் ஒரு வழக்கம் உண்டு, மாற்றின பழைய சாமானை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஹேண்டிலில் தொங்க விடுவேன். புதுசு போட்டேன் என்று ஏமாற்றவில்லை, இதோ உன் பழசு, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள். மற்ற மெக்கானிக்கெல்லாம் இந்த வழக்கத்தைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார்கள், "மருதாசலம், பல்லைப் புடுங்கினாலும் பல்லைக் கையில குடுத்துருவே" என்பார்கள். சாந்தாமணிக்கு இந்த வழக்கம் தெரியும். கவர் தொங்கும், அவள் கையை விடுவாள், கிண்ணத்தை எடுப்பாள், நகத்தை ஓட்டுவாள். உலகத்தில் வேறு யார் பார்த்தாலும் பழைய இரும்பு. அவள் நகத்துக்கு அது எழுதிக் கொடுத்த வாக்குமூலம். சீல் இரண்டை மட்டும் கவரில் போட்டேன். கிண்ணத்தை இரும்பு டிரம்மில் போட்டேன், அடியில் போய் விழுந்தது. சத்தம் அடங்கும் வரைக்கும் நின்றேன். பூபதிதானே வரப் போகிறான், அவனுக்கு என்ன தெரியும், கோன் செட் எங்கே என்று கேட்கக்கூடத் தெரியாது. பேனலை மாட்டினேன். ஸ்க்ரூ ஏழு. இடது பக்க ஸ்க்ரூவுக்கு சைக்கிள் ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல வாஷர் வைத்தேன். வைத்துவிட்டு அப்படியே நின்றேன். வாஷர் வைக்கத் தெரிந்துவிட்டது. அவள் இந்த ஹேண்டிலைப் பிடித்ததும், பூப்போல இருக்கிறதே என்பாள், அப்புறம், அப்படியானால் அன்றைக்கு இப்படி இல்லை என்பாள், தனக்குள் சொல்லிக்கொள்வாள், யாரிடமும் சொல்ல மாட்டாள், நான் மறுபடி காபி குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வருவேன். டிரம்மைக் கவிழ்த்தேன். செயின், பிரேக் ஷூ, தேய்ந்த கிளட்ச், எத்தனை வருஷத்துக் குப்பை. கிண்ணம் நாலும் கிடைத்தது. குண்டையும் பொறுக்கினேன், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் நின்றதையும் குனிந்து எடுத்தேன். உளித் தழும்பு விழுந்த லாக் நட்டையும் போட்டேன். கவர் கனத்தது. ஹேண்டிலில் தொங்க விட்டதும் ஹேண்டில் அந்தக் கனத்துக்கே மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது.

நாலு மணிக்குப் பூபதி வரவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து கம்பெனி நீலக் கோட்டோடு, முழங்கையில் மாட்டிய ஹெல்மெட்டோடு அவளே நடந்து வந்தாள். இளைத்திருந்தாள். நான் கைதுடைக்கிற துணியைத் தேடினேன், அது என் கையில்தான் இருந்தது. "ஆச்சுங்களா?" என்றாள். "ஆச்சு. பாரு" என்றேன். அவள் கிட்டே வந்து ஒற்றை விரலால் ஹேண்டிலைத் தள்ளினாள், தானே போனது. மறுபக்கம் தள்ளினாள், போனது. அப்புறம் உடைந்த கையால் பிடித்துத் திருப்பினாள். "லேசா இருக்குது" என்றாள். சொல்லிவிட்டுக் கவருக்குள் கையை விட்டாள். கிண்ணத்தை எடுத்தாள். கட்டைவிரல் நகம் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றி வந்தது. எனக்குக் கேட்டது, ரோட்டில் லாரி போகிற சத்தத்தையும் மீறி அந்த டிக் டிக் எனக்குக் கேட்டது. லாக் நட்டையும் எடுத்துத் தழும்பைத் தடவினாள். "அது கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியும், சாந்தா. மாத்தாம நட்டை மட்டும் இறுக்கி விட்டேன். அதுலதான் நீ விழுந்தே. உனக்கு ஓட்டத் தெரியாம விழலை" என்றேன். அவள் நிமிரவில்லை. "தெரியுமுங்க" என்றாள். "திருப்பறேன், திரும்ப மாட்டேங்குது. பிடிச்சிருந்தவளுக்குத் தெரியாதுங்களா?" பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "நான் சொல்றதுக்கா பதினாலு மாசம் இருந்தேன்? வேற எவனையும் அதுல கை வெக்க விடலை. பிரிச்சா நீங்கதான் பிரிக்கோணும், உங்க கண்ணுல படோணும்னு கைவலியோட ஓட்டினேன். நீங்க வந்தீங்க, காபி குடிச்சீங்க, போனீங்க. இதுக்கு மேல கை தாங்கலை, அதான் குடுத்து விட்டேன்."

எனக்குக் கண் எரிந்தது, மண்ணெண்ணெய்க் கையால் துடைத்ததில் இன்னும் எரிந்தது. பேச்சு வராத இடத்தில் எனக்குத் தொழில்தான் வரும். "புதுசு உக்காரோணும். ஐநூறு கிலோமீட்டர் ஓடினதும் கொண்டு வா, மறுபடி டைட் பாக்கோணும்" என்றேன். "ஐநூறா, மூணு வாரம் ஆகும்" என்றாள். "நாலு வாரம் ஆகுமே, ஒரு நாளைக்குப் பதினெட்டுத்தானே" என்று வாயை விட்டுவிட்டேன். அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. "மீட்டரைப் பாத்துக் கணக்கெல்லாம் போட்டிருக்கீங்க. மீதி ஆறு எங்க போகுதுன்னு தெரியலீங்களா?" நான் தலையை ஆட்டினேன். "ஷிஃப்ட் விட்டு நேரா வீட்டுக்குப் போறதில்லை. சிங்காநல்லூர் போயிட்டுத்தான் போறேன். கறிவேப்பிலைக்கு யார் தண்ணி ஊத்தறாங்கன்னு நெனச்சீங்க? செல்வி அக்காவா? அந்தக்கா அதோட சொந்தத் துளசிக்கே ஊத்தாது." மூடியில் ஓட்டை போட்ட பாட்டில். இருநூற்று எழுபத்தைந்து நாள். கையில் வலியோடு அந்த ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்து போயிருக்கிறாள், நான் இல்லாத நேரம் பார்த்து, நான் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வா, வீட்டுக்குப் போலாம் என்றேன். அவள் கிண்ணத்தையும் நட்டையும் கவருக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, என் கையில் கொடுத்தாள். "இதை எங்கிட்டக் குடுத்து என்னங்க பிரயோசனம், எனக்குத்தான் தெரியுமே. அன்னிக்கு எங்கம்மா முன்னாடி, தம்பி முன்னாடி சொன்னீங்க. இதையும் அங்க வந்து சொல்லுங்க. சொல்லிட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்." வண்டியைக் கிளப்பினாள். "எப்ப வர்றீங்க?" என்று கேட்டாள். என் வாயில் ஸ்க்ரூ எதுவும் இல்லை, இருந்தும் பழகின சொல் ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றதை அவள் பார்த்துவிட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். வளைவில் வண்டி லேசாகச் சாய்ந்து அழகாகத் திரும்பியது.

கவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். "அண்ணா, ஹேண்டில்ல டொக்கு டொக்குனு ஒரு சத்தம், கொஞ்சம் பாருங்களேன்" என்றார். "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்தேன்.